வடக்கே போகும் மணல்

அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை ஊடாக மட்டக்களப்புக்குச் செல்லும் ஏ-4 வீதியில் பயணிக்கிறவருக்கு இந்தப் பிரதேசத்தின் அமைப்பை விளக்க வரைபடம் தேவையில்லை. மேற்கே கல்லோயா நீரில் விளையும் வயல்கள். கிழக்கே கடல். இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் மேடு. அதன் மேல் பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று ஊர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. பல இடங்களில் ஓர் ஊர் முடிவதும் அடுத்தது தொடங்குவதும் பெயர்ப்பலகையைப் பார்த்தால்தான் தெரியும்.

நிலத்தை இங்கே யாரும் ஏக்கரில் பேசுவதில்லை, பேர்ச்சில்தான் பேசுவார்கள். பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துக் கலியாணம் முடிப்பது இந்தக் கரையின் வழக்கம் என்பதால், மூன்று குமர்ப்பிள்ளைகள் உள்ள வாப்பாவுக்கு மூன்று வீட்டுக்கு இடம் வேண்டும். வயலை நிரப்பினால் வெள்ளம் போக வழியில்லை. கடற்பக்கம் போனால் வேறு ஆபத்து. 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த சுனாமியில் நாட்டிலேயே அதிகம் பேரைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். இறந்தவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். அதன்பின் கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் முதலில் அறிவித்தபோது, சாய்ந்தமருது போன்ற ஊர்களில் அந்தக் கோட்டுக்குள் விழுந்தது வெறும் கடற்கரை மட்டுமல்ல, தெருக்களும் வளவுகளும்தான். இப்படிப்பட்ட இடத்தில் கடல் எடுக்கும் ஒரு மீற்றருக்குப் பதிலாக வேறொரு மீற்றர் கிடைப்பதில்லை.

ஐக்கிய நாடுகள் சபை 2015இல் வகுத்த 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் ஒன்பதாவது, கைத்தொழில், புத்தாக்கம், உட்கட்டமைப்பு ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கட்டுகிறது. மாநாட்டு மண்டபங்களில் கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன சொற்கள். ஆனால் ஒலுவில் கரையில் இந்த மூன்றும் நிஜமாகவே ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டிருக்கின்றன. ஆகவே இந்த அத்தியாயம் முழுவதும் அந்தக் கரையிலேயே நிற்கப் போகிறோம். அங்கே கட்டிய துறைமுகத்தைப் பற்றிப் பேசுமுன் மணலைப் பார்த்துவிடலாம்.

கடற்கரை மணல் ஓரிடத்தில் கிடப்பதுபோல்தான் தெரியும். உண்மையில் அது எப்போதும் பயணத்தில் இருக்கிறது. அலை கரைக்கு நேர்குத்தாக வருவது அபூர்வம். பெரும்பாலும் சற்றுச் சாய்ந்தே வந்து உடைகிறது. ஏறும் நீர் மணலைச் சாய்வாக மேலே தள்ளும். இறங்கும் நீரோ சரிவின் வழியே நேராக இறங்கும். ஆகவே ஒவ்வோர் அலைக்கும் ஒரு மணல்துகள் கரையோரமாக ஒரு சிறு அடி நகர்ந்துவிடுகிறது. இதைவிடப் பெரிய வேலை அலை உடையும் வெண்ணுரைப் பகுதியில் நடக்கிறது. சாய்ந்து உடையும் அலைகள் அங்கே கரைக்குச் சமாந்தரமாக ஒரு நீரோட்டத்தையே உண்டாக்கும். கலங்கி எழுந்த மணலை அந்த ஓட்டம் அள்ளிக்கொண்டு போகும். பத்து வினாடிக்கு ஓர் அலை என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 8,640 அலைகள். சிறு அடிகள் சேர்ந்து பெரும் பெயர்ச்சியாகிவிடும்.

இந்தப் பெயர்ச்சியைக் கணக்கிட அமெரிக்க இராணுவப் பொறியியலாளர்களின் கரையோர ஆய்வு நிலையம் உருவாக்கிய சூத்திரம் ஒன்று உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. அதன்படி மணல் நகர்வு அலை உயரத்தின் இரண்டரை அடுக்குக்கு ஏற்பக் கூடும். உயரம் இரண்டு மடங்கானால் நகரும் மணல் இரண்டு மடங்காவதில்லை, ஐந்தரை மடங்குக்கு மேல் போகிறது. இன்னொன்றும் இருக்கிறது. அலை கரையைத் தொடும் கோணம் சில பாகை மாறினாலே நகர்வின் அளவு பெரிதாக மாறும், சில வேளை திசையே மாறிவிடும். ஆகவே ஒரு கரையின் மணல் கணக்கை இன்னொரு கரையிலிருந்து கடன் வாங்க முடியாது. அந்தந்த இடத்தில் ஆண்டுக்கணக்கில் அளந்துதான் அறிய வேண்டும்.

அம்பாறைக் கரைக்கு இரண்டு வகை அலைகள் வருகின்றன. ஒன்று தென்சமுத்திரத்தில், ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் எழுந்து, நீண்ட இடைவெளியோடு தெற்கிலிருந்து உருண்டு வரும் அலை. பொத்துவில் அறுகம்குடாவில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் பலகை மேல் நின்று சறுக்குவது இந்த அலையில்தான். மற்றது மாரியில் வாடைக்காற்று எழுப்பும் அலை. கிட்டத்திலேயே பிறந்து, உயரமாக, அடுத்தடுத்து வடகிழக்கிலிருந்து வந்து மோதுவது. முன்னது மணலை வடக்கே தள்ளும், பின்னது தெற்கே தள்ளும். வாடை மூர்க்கமானது, ஆனால் சில மாதம்தான். தென்னலை மெதுவானது, ஆனால் விடாது. ஆண்டு முடிவில் கூட்டிக் கழித்தால் மீதி வடக்குத் திசைக்கே சேர்கிறது. கரைவலைக்காரர்களுக்கு இதெல்லாம் சூத்திரம் இல்லாமலே தெரியும். மாரியில் கடல் கரையைத் தின்னும், கோடையில் திருப்பித் தரும், எந்த மாதம் எந்தப் பாட்டில், அதாவது எந்தக் கரைத்துண்டில், வலை போடலாம் என்பது அவர்களின் அன்றாட அறிவு.

இந்த மணலின் மூலதனம் ஆறுகள் கொண்டுவந்தது. அதிலும் ஒரு பழைய வெட்டு விழுந்திருக்கிறது. 1949இல் இங்கினியாகலையில் வேலை தொடங்கி, கல்லோயா எனப்படும் பட்டிப்பளை ஆற்றை மறித்துச் சேனநாயக்க சமுத்திரம் கட்டப்பட்டது. கல்லோயாத் திட்டம் சுதந்திர இலங்கையின் முதல் பெரிய உட்கட்டமைப்பு. வயலுக்கு நீரும், ஏறத்தாழ 11 மெகாவாட் மின்சாரமும் தந்தது. ஆனால் எந்த அணையும் நீரை மட்டும் நிறுத்துவதில்லை. பருமணலும் அதன் பின்னால் படிந்துவிடுகிறது. அணைக்குக் கீழே மிஞ்சுவதில் ஒரு பங்கைக் கட்டடங்களுக்காக ஆற்றிலிருந்தே அள்ளுகிறோம். கரையின் கணக்குப் புத்தகத்தில் வரவு இப்படி மெலிந்துகொண்டிருந்த காலத்தில்தான் செலவுப் பக்கத்தில் ஒரு பெரிய பதிவு விழுந்தது.

ஒலுவில் துறைமுகம் யாருடைய வீண் ஆசையும் அல்ல. முஸ்லிம் காங்கிரஸின் ஸ்தாபகர் எம்.எச்.எம். அஷ்ரஃப் 1994 முதல் துறைமுகங்கள் அமைச்சராக இருந்தார். 2000 செப்டெம்பரில் ஹெலிகொப்டர் விபத்தில் இறக்கும் வரை அவர் இந்தக் கரைக்கு இரண்டு பெரிய விடயங்களைக் கொண்டுவர உழைத்தார். ஒன்று 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம். மற்றது அதே ஊரில் ஒரு துறைமுகம். அவர் காரணங்களில் பிழை காண்பது கடினம். திருகோணமலைக்கும் அம்பாந்தோட்டைக்கும் நடுவே வணிகத் துறைமுகம் கிடையாது. ரயில் மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. நாட்டுக்கே நெல் விளைவிக்கும் மாவட்டம் அரிசியை லொறியில்தான் கொழும்புக்கு அனுப்புகிறது. மருதமுனைத் தறிகளுக்கு நூலும் சாயமும் அதே வீதியில்தான் வந்து சேர்கின்றன.

மீன்பிடியை மட்டும் எடுத்துக்கொண்டாலும் கணக்குத் தெளிவாக இருக்கிறது. 30 பாகை வெப்பத்தில் பிடிபட்ட ஒரு கிலோ மீனைப் பூச்சியப் பாகைக்கு இறக்க, கோட்பாட்டளவில் மூன்றில் ஒரு கிலோ ஐஸ் போதும். திறந்த படகில், வெயிலில், பெட்டிக்குள் புகும் சூட்டையும் சேர்த்தால் மீனுக்குச் சரிநிறை ஐஸ் வேண்டும் என்பதுதான் நம் போன்ற வெப்ப நாடுகளில் நடைமுறைக் கணக்கு. நாட்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் படகு தொன் கணக்கில் ஐஸ் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அந்த ஐஸுக்குத் தொழிற்சாலை, தொழிற்சாலைக்கு மின்சாரமும் நல்ல தண்ணீரும், திரும்பி வந்த படகுக்குக் கட்டுமிடம், இறக்கிய மீனுக்குக் குளிரறை, ஏற்றுமதிக்குத் தரச் சோதனை. இவற்றில் ஒன்று அறுந்தாலும் மீன் கருவாடாகும், விலை விழும். கைத்தொழில் என்பது தனியாக முளைப்பதில்லை. அது உட்கட்டமைப்பின் மேல் ஏறித்தான் நிற்கிறது என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியாது.

அஷ்ரஃப் இறந்து பல ஆண்டுகள் கழித்து, டென்மார்க்கின் வட்டியில்லாக் கடனில், சுமார் 46 மில்லியன் யூரோ செலவில், 2008இல் வேலை தொடங்கியது. கட்டியது எம்.டி. ஹொய்கார்ட் என்ற டென்மார்க் நிறுவனம். கடலுக்குள் இரண்டு கருங்கல் அலைதடுப்பு அணைகள், அவற்றுக்கு நடுவே வணிகக் கப்பலுக்கும் மீன்பிடிப் படகுக்கும் இடம். 2013 செப்டெம்பர் 1ஆம் திகதி அப்போதைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ திறந்து வைத்தார்.

இப்போது மணலின் பக்கத்திலிருந்து பாருங்கள். தெற்கிலிருந்து வந்துகொண்டிருந்த துகள் திடீரென ஒரு கல் அணையில் முட்டுகிறது. தாண்ட முடியாமல் தெற்குப் பக்கத்தில் குவிகிறது. அங்கே கரை கடலுக்குள் முன்னேறிப் போகிறது. அணைக்கு வடக்கே அலைகள் வழக்கம்போல் மணலை எடுத்துச் செல்கின்றன. எடுத்ததற்கு ஈடாகத் தெற்கிலிருந்து வர வேண்டியது மட்டும் வரவில்லை. ஆகவே வடக்கே கடல் உள்ளே வருகிறது. கட்டுமான காலத்திலேயே ஒலுவிலில் அரிப்புத் தொடங்கிவிட்டது. தென்னந்தோப்பும் காணியும் கரைவலைத் தோணி இழுத்து வைத்த மணல்வெளியும் போயின. வெளிச்சவீட்டு வளவையும் கடல் கடித்தது. கரைவலைக்கு அகலமான, மெல்லிய சரிவுள்ள கரை வேண்டும். குத்துச்சரிவிலோ கற்குவியலிலோ நின்று யாரும் வலை இழுக்க முடியாது. கடலால் காணியை இழந்தவர் ஒரு வகை. காணி இல்லாமலே தொழிலை இழந்தவர் இன்னொரு வகை. நட்டஈட்டுப் பட்டியலில் இந்த இரண்டாமவரைப் பதிவது எப்போதும் கடினம்.

துறைமுகமாவது நன்றாக இயங்கியதா? அதுவும் இல்லை. தெற்கே குவிந்த மணல் ஒரு கட்டத்தில் அணையின் நுனியைச் சுற்றிக்கொண்டு வரும். அணைகளுக்கு நடுவே நீர் அமைதியாக இருக்கும். அமைதியான நீர்தான் துறைமுகத்தின் நோக்கம். ஆனால் மணல் படிவதற்கும் அதே அமைதிதான் வேண்டும். வற்றும் பெருக்கும் பல மீற்றர் இருக்கும் நாடுகளில் ஓடும் நீரே வாயை ஓரளவு கழுவிவிடும். இலங்கையைச் சுற்றி அந்த வித்தியாசம் ஒரு மீற்றரைக்கூட எட்டாது. இந்தக் கரையின் முகத்துவாரங்கள் ஆண்டுதோறும் மணலால் அடைபடுவதும், மாரி வெள்ளம் ஊருக்குள் ஏறும்போது மண்வெட்டியோடும் இயந்திரத்தோடும் போய் முகத்துவாரம் வெட்டிவிடுவதும் இதனால்தான். களியோடை, கல்லாறு ஆகியவற்றின் முகத்துவாரங்களுக்கு நடந்ததே துறைமுக வாய்க்கும் நடந்தது. ஆச்சரியப்பட இதில் என்ன இருக்கிறது? முகத்துவாரம் வெட்டிப் பழகிய ஊரில், வெட்டாமலே திறந்திருக்கும் ஒரு வாயைக் கட்டித் தருவதாகச் சொன்னதுதான் ஆச்சரியம்.

படகுகள் உள்ளே போக முடியாமல் மணல் தடுத்தபோது மீனவர்கள் வாயைத் தோண்டச் சொன்னார்கள். அரிப்பால் பாதிக்கப்பட்ட ஒலுவில் மக்களில் பலர் துறைமுகத்தையே மூடச் சொன்னார்கள். இரண்டு தரப்பும் ஒரே சமூகத்தவர், ஒரே கடலை நம்பியவர்கள். அவர்களை எதிரெதிரே நிறுத்தியது மணல் கணக்கு. எதிர்பார்த்த சரக்குக் கப்பல் போக்குவரத்தோ அமையவே இல்லை.

இது முன்கூட்டியே அறிய முடியாத விபத்தா என்று கேட்டால், நமக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. 1870களின் பிற்பகுதியில் சென்னையில் செயற்கைத் துறைமுகத்துக்குக் கல் அணைகள் கட்டத் தொடங்கினார்கள். 1881இல் ஒரு புயல் அவற்றை உடைத்தது, மீண்டும் கட்டினார்கள். அணைக்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து அகன்றதுதான் இன்று உலகம் அறிந்த மெரினா. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்தது. இன்றுவரை அங்கே கல்லைக் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். மெரினாவில் சுண்டல் தின்கிறவர்கள் எத்தனை பேருக்கு அந்த மணல் ராயபுரத்துக்குப் போயிருக்க வேண்டியது என்று தெரியும்? நூறாண்டு கழித்து, 1980களில், புதுச்சேரியில் கட்டிய துறைமுகமும் நகரின் கடற்கரையை அப்படியே விழுங்கியது. அங்கே 2018இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் நீருக்கடியில் ஒரு செயற்கைத் திட்டை அமர்த்திய பிறகுதான் ஒரு துண்டு மணல்வெளி திரும்பி வந்தது. ஆக, ஒலுவிலுக்கு 130 ஆண்டு மூத்த பாடம் பாக்குநீரிணைக்கு அப்பால் எல்லோர் கண்முன்னும் கிடந்தது.

மணற்கரையில் துறைமுகமே கட்டக்கூடாது என்று இதிலிருந்து முடிவெடுப்பது பிழை. அவுஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் கரையிலும் மணல் வடக்கேதான் போகிறது. 1986இல் அங்கே கடல்வாய்க்கு இரண்டு அணைகள் கட்டினார்கள். கூடவே தெற்குப் பக்கத்தில் கடலுக்குள் நீளும் ஒரு பாலத்தையும் கட்டி, அதன் கீழே பத்துப் பம்புகளைப் பதித்தார்கள். குவிய வரும் மணலைப் பம்பு நீரோடு கலக்கி உறிஞ்சும். குழாய் அதைக் கால்வாய்க்கு அடியால் கொண்டுபோய் வடக்குக் கரையில் கக்கும். மின்கட்டணம் மலிவான இரவு நேரத்தில் பெரும்பாலும் ஓடும். ஆண்டுக்கு ஏறத்தாழ 5 இலட்சம் கனமீற்றர் மணல் இப்படி மாறுகிறது. மூன்று கியூப் டிப்பரில் ஏற்றினால் 59,000 லோடு, நாளொன்றுக்கு 160. ஒலுவிலின் அளவு வேறாக இருக்கலாம். ஆனால் ஆண்டுதோறும் எவ்வளவு மணலை அக்கரைக்கு மாற்ற வேண்டும் என்ற கேள்வி ஒன்றுதான். நெதர்லாந்துக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 2011இல் இரண்டு கோடி கனமீற்றருக்கு மேற்பட்ட மணலை ஒரே இடத்தில் கடலோரம் கொட்டி, மீதியை அலையே பல ஆண்டுகளாகப் பரப்பட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

இந்த உதாரணங்களில் மதிப்புள்ளது இயந்திரம் மட்டுமல்ல. மணற்கரைத் துறைமுகம் ஒரு தடவை விலை கொடுத்து வாங்கி முடிக்கும் பொருள் அல்ல, ஒவ்வோர் ஆண்டும் மணலைத் தூக்கி அக்கரையில் வைக்கும் பொறுப்பு என்பதைக் கோல்ட் கோஸ்ட்காரர்கள் முதல் நாளிலேயே ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பொறுப்புக்கு ஆளும் பணமும் ஒதுக்கினார்கள். எங்களைப் போன்ற நாடுகள் சறுக்குவது இந்த இடத்தில்தான். கட்டுவதற்குக் கடன் கிடைக்கும். கடன் கொடுக்கும் நாட்டின் நிறுவனத்துக்கே ஒப்பந்தமும் போகும். அடிக்கல்லும் திறப்பு விழாவும் இரண்டு தேர்தல்களுக்குப் பயன்படும். பேணுவதற்குக் கடன் கொடுப்பார் யாருமில்லை. பேணும் செலவுக்கு நாடா வெட்டவும் முடியாது. மணலுக்கோ இது எதுவும் தெரியாது. கடன் தவணை கட்டினாலும் கட்டாவிட்டாலும் ஒரு நாளைக்கு 8,640 அலை வரத்தான் செய்யும். பணக்கார நாடு பிழையான கட்டுமானத்தைத் திருத்த இன்னொரு தடவை செலவழிக்கலாம். எங்களுக்கு அந்த இரண்டாவது தடவை கிடையாது. கடன் இருக்கும், காணி இருக்காது. வளரும் நாடுகளுக்கு நிலைபேறு ஓர் ஆடம்பரம் என்று சொல்கிறவர்களுக்கு நான் காட்டக்கூடிய இடம் ஒலுவில்தான். பேணும் செலவை மறைத்துவிட்டுக் கட்டுவதுதான் எங்களால் தாங்க முடியாத ஆடம்பரம்.

அவசரத்துக்குச் செய்தது கல் போடுவது. கரையில் பாறாங்கற்களை அடுக்கினால் அதன் பின்னால் உள்ள காணி அந்த இடத்தில் தப்பும். ஆனால் கல் மணலைத் தயாரிப்பதில்லை. இதுவரை அரித்துக் கொடுத்த கரையும் கொடுப்பதை நிறுத்துவதால், பசி அடுத்த ஊருக்கு நகரும். ஒலுவிலுக்கு வடக்கே நிந்தவூரில் கடலரிப்பு முறைப்பாடு எழுந்ததைப் பார்த்து யாரும் அதிசயிக்கத் தேவையில்லை. வாயைத் தோண்டி எடுக்கும் மணலும் எங்கே போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வடக்குக் கரையில் போட்டால் அது மருந்து. ஆழ்கடலில் கொட்டினாலோ கட்டட வேலைக்குக் கொடுத்தாலோ வடக்கே இருப்பவர்களிடமிருந்து இன்னொரு தடவை எடுத்த மாதிரி.

தொழில்நுட்பத்தைவிடக் கடினமான முடிச்சு நிர்வாகத்தில் இருக்கிறது. துறைமுகத்தைக் கட்டுவித்தது துறைமுக அதிகாரசபை. கரை, 1981ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் கரையோரம் பேணல் திணைக்களத்துக்குரியது. படகும் மீனும் கடற்றொழில் அமைச்சுக்குரியவை. ஒலுவில் அட்டாளைச்சேனைப் பிரதேச சபைக்குள் வருகிறது. அதைத் தாண்டினால் நிந்தவூர்ப் பிரதேச சபை, பிறகு காரைதீவு, பிறகு கல்முனை மாநகர சபை. மணலோ இந்த எல்லைகளைக் கேட்டுக்கொண்டு நகர்வதில்லை. அள்ளும் அலுவலகம் ஒன்று, அரிக்கும் கரைக்குப் பொறுப்பான அலுவலகம் இன்னொன்று என்றால், தோண்டிய மணலை வடக்கே கொண்டுபோகும் செலவு யாருடைய வரவுசெலவுத் திட்டத்திலும் இடம்பெறாது.

புத்தாக்கம் என்றால் செயற்கை நுண்ணறிவும் கைப்பேசிச் செயலியும்தான் என்று நினைக்கும் காலம் இது. இந்தக் கரைக்கு உடனடியாகத் தேவையான புத்தாக்கம் ஒரு மட்டமானியும் ஓர் அளவுகோலும் நாலைந்து மாணவர்களும். துறைமுகம் இருக்கும் அதே ஒலுவிலில்தான் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்குப் பொறியியல் பீடமும் உண்டு. பாலமுனையிலிருந்து மருதமுனை வரை குறித்த இடங்களில் மாதம் ஒரு தடவை கரையின் குறுக்குவெட்டை அளந்து, தெற்கே எவ்வளவு சேர்ந்தது, வடக்கே எவ்வளவு போனது, எந்தக் காற்றில் போனது என்று எழுதி, கரைவலைக்காரரிடம் கேட்டு ஒப்பிட்டு, எல்லாரும் பார்க்கும்படி வைத்தால் போதும். பத்து ஆண்டில், ஒலுவிலைக் கடந்து ஆண்டுக்கு எத்தனை கியூப் மணல் வடக்கே போக வேண்டும் என்ற இலக்கம் எங்கள் கையிலேயே இருக்கும். அடுத்த கடனுக்கோ மானியத்துக்கோ பேச உட்காரும்போது அந்த இலக்கத்தை மேசையில் வைத்து, பம்பு, குழாய், அதை ஓட்டுபவரின் சம்பளம், இருபது ஆண்டு மின்கட்டணம் எல்லாவற்றையும் கல் அணையின் விலையோடு சேர்த்தே ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லலாம்.